அரிவரி முதல் லண்டன் மெட்ரிக் வரை: மடத்துப் பள்ளிக்கூடங்களின் இருமொழிக் கணக்கு

1862ஆம் ஆண்டில் இரண்டு கூட்டம் கன்னியாஸ்திரிமார் கடல் கடந்தார்கள். ஒரு கூட்டம் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து கால்வாயைத் தாண்டி, லண்டனின் கிழக்கு ஓரத்தில் இருந்த ஃபொரெஸ்ட் கேற்றுக்கு வந்தது. அவர்கள் உர்சுலைன் சபையார். அவர்கள் தொடங்கிய புனித ஆஞ்சலா பள்ளி இன்றும் அங்கே நடக்கிறது. மற்றக் கூட்டம் பிரான்சின் போர்தோ நகரத்துத் திருக்குடும்ப சபையைச் சேர்ந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கித் திருக்குடும்பக் கன்னியர் மடத்தைத் தொடங்கினார்கள். ஊர் மொழி தெரியாத ஊரில், வேற்று நாட்டிலிருந்து வந்த பெண்கள் ஒரே ஆண்டில் திறந்த இரண்டு பள்ளிக்கூடங்கள் இவை. இடையே ஆயிரக்கணக்கான மைல் கடல்.

ஃபொரெஸ்ட் கேற்றில் எலிசபெத் லைன் ரயிலேறினால் செவன் கிங்ஸ் மூன்றாவது நிறுத்தம். அங்கேதான் நான் குடியிருக்கிறேன். பிறந்தது குருநகரில். படித்தது யாழ்ப்பாணத்தில் ஒரு மடத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கேயே கொஞ்சக் காலம் ரீச்சராக இருந்து, எண்பத்து மூன்றுக்குப் பிறகு இங்கே வந்து, இங்கிலீஷ் பள்ளியில் வகுப்பு உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சனிக்கிழமைகளில் தமிழ் படிப்பிப்பதை மட்டும் இன்னும் விடவில்லை.

தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது இளம் தாய்தகப்பன்மார் என்னிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வருவார்கள். “அன்ரி, தென் கென்சிங்ரனில் பிரெஞ்சுக்காரருக்குப் பள்ளி இருக்கு. ரிச்மண்டில் ஜேர்மன்காரருக்கு இருக்கு. இத்தனை தமிழ்க் கத்தோலிக்கர் இருக்கிற இடத்தில் எங்களுக்கு ஏன் ஒரு இருமொழிப் பள்ளி இல்லை? அரிவரியிலிருந்து ஏ.எல். வரைக்கும் ஒரே வளவில்?”

“எங்களுக்கு இருந்தது, பிள்ளை. நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது” என்பேன். அவர்கள் நம்புவதில்லை. இருந்தது என்பதோடு கதை முடியவும் இல்லை. அந்தப் பள்ளிகளில் இரண்டு மொழிகளும் எப்படி இருந்தன, எது யாருடைய காசில் இருந்தது, எது ஏன் போனது என்பதைக் கடைக்காரர் பற்றுவரவு பார்ப்பதுபோல் பார்த்தால்தான் இன்றைக்கு நாங்கள் எதைக் கேட்கவேண்டும் என்பது தெரியவரும்.

கணக்கின் முதல் பக்கம் லிஸ்பனில் இருக்கிறது. 1554 பெப்ரவரியில், போர்த்துக்கல் அரசரின் ஆணைப்படி, அங்கே ஒரு சிறு புத்தகம் அச்சானது. தமிழும் போர்த்துக்கேயமும் சேர்ந்த ஞானோபதேசப் புத்தகம் அது. எங்கள் பாட்டிமார் பேச்சில் சொன்னால், குறிப்பிடம். தமிழ் எழுத்துக்கு அங்கே அச்சு இல்லாததால் தமிழ் வரிகளை ரோமன் எழுத்தில் கோத்து, சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயப் பொருளையும் கூடவே தந்திருந்தார்கள். கறுப்பு மையும் சிவப்பு மையும் கலந்து அடித்தார்கள். அதைத் தயாரித்தவர்கள் மூன்று தமிழர்: விசேந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ். பெயர் போர்த்துக்கேயம், வாய் தமிழ். இதற்கு இருபத்து நான்கு ஆண்டு கழித்து, 1578இல், அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. இரண்டு மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பிப்பதில் கத்தோலிக்கரும் தமிழரும் எவ்வளவு முன்பே கைகோத்தார்கள் என்பதற்கு இவையே போதும். கைகோத்த காரணத்தையும் மறக்கக்கூடாது. வேதம் தமிழில் வேண்டும், அதிகாரம் போர்த்துக்கேயத்தில் இருக்கும். முதல் புத்தகத்திலேயே இரண்டு மொழிக்கும் இரண்டு வேலை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கப் பூசைக்கும் குருமாருக்கும் தடை வந்தது. கோயிற்பற்றுப் பள்ளிகள் அவர்கள் கைக்குப் போயின. கோவாவிலிருந்து 1687இல் ஒளிந்து வந்த யோசேவ் வாஸ் அடிகள் சில்லாலையைத் தளமாக வைத்து மறைவாக நடமாடிய காலம் அது. அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். பள்ளிக்கூடம் நடத்த முடியாத காலத்தில் ஏட்டுச் சுவடியும் மனப்பாடமும்தான் பள்ளிக்கூடம். அந்த நூற்றைம்பது ஆண்டில் கத்தோலிக்கரின் பிள்ளைகளுக்குத் தமிழ் தங்கியது கோயிலிலும் கூத்துக் கொட்டகையிலும். அதிகாரத்தின் மொழி அவர்களை எட்டவில்லை.

ஆங்கிலேயர் வந்தபின் யாழ்ப்பாணத்தில் கல்வியில் முன்னணியில் நின்றவர்கள் அமெரிக்க மிஷனரிமார். 1816இல் வந்தார்கள், 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கினார்கள், அடுத்த ஆண்டு உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி. வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தோடு தமிழும் வானியலும் கணிதமும் உயர்தரத்தில் நடந்தன. 1841இல் அவர்கள் வெளியிட்ட ‘உதயதாரகை’ பத்திரிகையில் தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில் வந்தன. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் திறந்தது 1848இல். யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளையை அமெரிக்கரிடம் விட்டால் வேதம் மாறிவிடும். விடாவிட்டால் கச்சேரி உத்தியோகம் கிடைக்காது.

அவர்களுக்குப் பதில் கிடைத்தது 1850இல். மூன்று ஆண்டுக்கு முன்னர்தான் யாழ்ப்பாணம் கொழும்பிலிருந்து பிரிந்து தனி மறை ஆட்சிப் பகுதியாகியிருந்தது. அதன் தலைவர் இத்தாலியரான பெத்தக்கினி ஆண்டகை. அதே 1847இன் கடைசியில் பிரான்சிலிருந்து அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் வந்து சேர்ந்தார்கள். பெத்தக்கினி ஆண்டகை ஆண்பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்கி, பற்றிக் ஃபோய் என்பவரைத் தலைமையாசிரியராக வைத்தார். அந்தப் பள்ளிதான் 1881இல் சம்பத்திரிசியார் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இத்தாலிய ஆயர், பிரெஞ்சுச் சபைக் குருமார், தமிழ்ப் பிள்ளைகள், ஆங்கிலப் பாடம். இன்றைக்கு விளம்பரத்தில் “இன்ரர்நாஷனல்” என்று போடுகிற எந்தப் பள்ளியும் இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்?

வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் அதிகாரிகள், வேதம் பரப்புவதற்கு ஊர் மொழி போதும், ஆங்கிலம் படித்தவன் உத்தியோகத்துக்குத்தான் போகிறான் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரி. உத்தியோகத்துக்குப் போகத்தான் பிள்ளைகள் வந்தார்கள். அந்தக் கதவு சாத்தியபோது கத்தோலிக்கரின் கதவு திறந்தே இருந்தது. பெற்றோர் எந்த மொழிக்கு வரிசையில் நிற்பார்கள் என்பதை யாழ்ப்பாணம் அன்றைக்கே எல்லாருக்கும் காட்டிவிட்டது.

இனி முக்கியமான ஆளுக்கு வருகிறேன்: கிறிஸ்தோப் பொஞ்சீன் ஆண்டகை. பிரெஞ்சுக்காரர். முதலில் கோயம்புத்தூர்ப் பகுதியில் மறைப்பணி செய்தவர். பிறகு யாழ்ப்பாணம் வந்து அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்தார். 1868இல் யாழ்ப்பாண ஆயர். 1883இல் கொழும்புக்குப் போனார். பள்ளிக்கூடம் இல்லாத கோயில் பாதிக் கோயில் என்று நினைத்த தலைமுறையின் ஆள். அவர் அரசாங்கத்தோடு வாதாடியது ஒரே விஷயத்துக்காக: கத்தோலிக்கரும் வரி கட்டுகிறார்கள், ஆகவே அவர்கள் பள்ளிக்கும் அரசு காசு தரவேண்டும். 1865இல் அமைந்த மோர்கன் குழு விசாரித்தது. 1869இல் பொதுக்கல்வித் திணைக்களம் வந்தது. சமயச் சபைகளின் பள்ளிகளுக்கு உதவிநன்கொடை முறை நிலைபெற்றது. வடக்கில் கத்தோலிக்கப் பள்ளிகள் பெருகியது இந்தக் காசில்தான்.

காசு சும்மா வரவில்லை. பரிசோதகர் வருவார், பிள்ளைகளை நிறுத்திக் கேட்பார், தேறிய தலைக்கு இவ்வளவு என்று பணம். பள்ளிகளும் வகைப்படுத்தப்பட்டன: ஆங்கிலப் பள்ளி, ஆங்கிலமும் சுயபாஷையும் சேர்ந்த பள்ளி, சுயபாஷைப் பள்ளி. நடுவில் இருந்ததுதான் இன்றைய பெற்றோர் தேடுகிற இருமொழிப் பள்ளி. கீழ்வகுப்பில் தமிழ், மேலே போகப் போக ஆங்கிலம். இரண்டு மொழியும் ஒரே உயரத்தில் நிற்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. தமிழ் ஏணியின் கீழ்ப்படி. ஏறியபின் அதில் யாரும் நிற்பதில்லை. ஆங்கிலத்துக்கு நன்கொடை கூட, கட்டணமும் கூட. சுயபாஷைப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. வாத்தியாருக்குச் சம்பளமும் குறைவு.

பொஞ்சீன் காலத்தின் இன்னொரு அடையாளம் பத்திரிகை. 1876இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலத்தில் ‘கத்தோலிக் கார்டியன்’, தமிழில் ‘சத்திய வேத பாதுகாவலன்’ என்று வெளிவரத் தொடங்கின. பாதுகாவலன் இன்றும் வருகிறது. எங்கள் வீட்டில் அம்மா கார்டியனை மேசையில் விரித்து வாசிப்பா. அப்பு பாதுகாவலனைத் திண்ணையில் சாய்ந்தபடி வாசிப்பார். ஒரே திருச்சபை, இரண்டு மொழி, வீட்டில் இரண்டு இருக்கை.

அம்மா படித்த மடத்தின் பெயரை எழுதமாட்டேன். அவ சொன்னவற்றில் சில மனத்தாங்கல்களும் உண்டு. மதிலுக்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. முன்வாசலில் ஆங்கிலப் பள்ளி: கட்டணம், வெள்ளைச் சட்டை, சப்பாத்து, பியானோ. பின்பக்கம் தமிழ்ப் பள்ளி: கட்டணம் இல்லை, பாவாடை, வெறுங்கால். இரண்டையும் நடத்தியது ஒரே சபைக் கன்னியர். இரண்டு பிள்ளைகளும் ஒரே சிற்றாலயத்தில் முழந்தாளிட்டார்கள், ஆனால் வேறு வேறு வாங்கில். அரிவரியில் சின்னப் பையன்களையும் சேர்ப்பார்கள். ஏழெட்டு வயதானதும் அவர்களைச் சம்பத்திரிசியாருக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே சீனியர் வகுப்பு வரை. அதற்கும் மேலே தமிழாசிரியைகளுக்குப் பயிற்சி. அநாதைப் பிள்ளைகளுக்குத் தையலும் பின்னல் வேலையும் தனியாக. அரிவரிப் பாலகன் முதல் இருபது வயதுப் பயிற்சி மாணவி வரை ஒரு வளவுக்குள் இருந்தார்கள்.

ஆங்கிலப் பக்கத்தில் தமிழ் பேசினால் குற்றப்பணம். ஒரு சதம். அம்மா கட்டியிருக்கிறா. விளையாட்டில் விழுந்து முழங்கால் உரசுப்பட்டபோது “ஐயோ அம்மா” என்றதற்கும் ஒரு சதம். தமிழ்ப் பாடம் கிழமைக்கு ஒரு சில மணி. அதைப் படிப்பித்த பண்டிதர் ஆசிரியர் அறையில் ஓரத்துக் கதிரையில் இருப்பாராம். சம்பளப் பட்டியலிலும் ஓரம்தான். பிள்ளைகள் மடையரல்லர். எந்த வாத்தியாருக்கு மற்ற வாத்தியார்மார் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்த்தே எந்தப் பாடத்தைப் படிப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

விடுதியில் மலாயாப் பிள்ளைகள் இருந்தார்கள். மலாயாவின் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார், கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பிறந்த பிள்ளைகளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும், தமிழ் தடுமாறும். பிள்ளைக்குத் தமிழும் வேதமும் வரட்டும் என்று அனுப்பினால் மடமோ தமிழ் பேசினால் சதம் கேட்கும். தமிழை அவர்கள் கற்றது சமையற்காரப் பெண்களிடமும் விடுமுறைக்குப் போன பெரியம்மா வீட்டிலும். வகுப்பறையில் அவர்கள் தயாரானது கேம்பிரிட்ஜ் தேர்வுக்கும் லண்டன் மெட்ரிகுலேஷனுக்கும். வினாத்தாள் லண்டனிலிருந்து கப்பலில் வரும், விடைத்தாள் கப்பலில் திரும்பும். குருநகர் மீன்வாடியில் நின்றபடி எங்கள் பெரியமாமா தேம்ஸ் நதியின் கிளையாறுகளை ஒப்புவிப்பார். தொண்டைமானாறு எங்கே கடலில் விழுகிறது என்று கேட்டால் முழிப்பார்.

மூன்றாவது மொழி ஒன்றும் இருந்தது. பீடத்தில் லத்தீன். பீடச்சிறுவர் அதைப் பொருள் தெரியாமல் கடகடவென்று சொல்வார்கள். வகுப்பில் ஆங்கிலம், பீடத்தில் லத்தீன், செபமாலையும் பாடலும் கூத்தும் தமிழ். தமிழுக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அன்புக்குரிய எல்லா இடமும் தமிழுக்குத்தான் இருந்தது. புள்ளி போடுகிற இடம் மட்டும் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட பள்ளிகளிலிருந்து தமிழுக்கு உழைத்த பெரியவர்கள் வந்தார்களே என்று கேட்பீர்கள். வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்று பார்க்கவேண்டும். சுவாமி ஞானப்பிரகாசர் 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கிலம் படித்து ரயில்வே எழுதுவினைஞர் வேலைக்குப் போனவர், பிறகு குருவானார். சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதிக்காக வாழ்நாளின் பிற்பகுதியைக் கொடுத்தார். 1947இல் காலமானார். அவருக்குப் பின் அந்த ஒப்பியல் வேலையை எடுத்துச் சென்ற தாவீது அடிகள், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிவதைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். அந்த நூலகம் எழும்ப முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் சம்பத்திரிசியாரின் அதிபராயிருந்த ஐரிஷ்காரர் லோங் அடிகள்.

தனிநாயகம் அடிகளாரின் கதை இன்னும் தெளிவானது. 1913இல் ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கரம்பனில் பிறந்தார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியாரிலும் சம்பத்திரிசியாரிலும் படித்தார். கொழும்புக் குருமடம், ரோமாபுரிப் பல்கலைக்கழகம். ஐரோப்பிய மொழிகள் பல கைவந்தன. தமிழ் இலக்கியம்? அதற்கு அவர் போகவேண்டியிருந்தது திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக்கு. 1940களின் தொடக்கத்தில் அங்கே புனித தெரசா பள்ளியில் படிப்பிக்கப் போனவர், அந்தப் பள்ளியின் தமிழ்ப் பண்டிதரிடம் மாணவனாக உட்கார்ந்தார். குருவானபிறகு, முப்பது வயதை நெருங்கும்போது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ ஆங்கில ஆய்விதழ். அந்தப் பத்தாண்டிலேயே லண்டன் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நிறுவனத்தில் பழந்தமிழ் இலக்கியத்தின் கல்விச் சிந்தனை பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1554இன் லிஸ்பன் புத்தகத்தைத் தமிழுலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

பள்ளிகள் இவர்களைப் பெருமையோடு படச்சட்டத்தில் மாட்டிவைத்திருக்கின்றன. மாட்டட்டும். ஆனால் பள்ளி தனிநாயகத்துக்குக் கொடுத்தது ஆங்கிலமும் லத்தீனும் ஒழுங்கும்; தமிழை அவர் தானாகத் தேடிப் பிடித்தார். அப்படித் தேடுகிறவர் தலைமுறைக்கு ஒருவர். மீதிப் பேர் என் பெரியமாமாவைப் போலத்தான்.

1945இல் கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. கட்டண ஆங்கிலப் பள்ளி, இலவசச் சுயபாஷைப் பள்ளி என்ற இரட்டை வாசல்தான் அவர் குறிவைத்த இடம். அப்போது நாட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. தொடக்க வகுப்புகளில் தாய்மொழி கட்டாயமானது. ஐம்பதுகளில் அது மேல்வகுப்புக்கும் ஏறியது. கத்தோலிக்கத் தலைமை இலவசக் கல்வியைச் சந்தேகத்தோடு பார்த்தது. காசை முழுக்க அரசு கொடுத்தால் பள்ளியையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்று பயந்தார்கள். பயம் பலித்தது. 1960 டிசம்பரில் சிறிமாவோ அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. தென்னிலங்கையில் கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவலிருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிராசியஸ் வந்து சமாதானம் பேசவேண்டியதாயிற்று. பெரிய பள்ளிகளுக்கு ஒரு விலக்கு இருந்தது: தனியாராக நிற்கலாம், ஆனால் கட்டணம் வாங்கக்கூடாது. சம்பத்திரிசியார் அந்த வழியை எடுத்தது. கட்டணமும் இல்லை, அரசு நன்கொடையும் இல்லை. பழைய மாணவரிடம் கையேந்தியும் களியாட்டவிழா நடத்தியும் பிழைத்தது.

நான் அரிவரியில் சேர்ந்தது இதற்குள்தான். எனக்கு எல்லாப் பாடமும் தமிழில். அதே சில ஆண்டுகளில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து பீடமும் தமிழுக்கு மாறியது. குருவானவர் எங்கள் பக்கம் திரும்பி நின்று தமிழில் பூசை செய்த முதல் ஞாயிறு பாட்டி அழுதது நினைவிருக்கிறது. சந்தோஷமா துக்கமா என்று இன்றுவரை தெரியாது. 1965இல் மரிசேவியர் அடிகள் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கி, கூத்தையும் திருப்பாடுகளின் காட்சியையும் பெரிய மேடைக்குக் கொண்டுவந்தார். நூறு ஆண்டாக வீட்டிலும் முற்றத்திலும் நின்ற தமிழ் ஒரே தசாப்தத்தில் வகுப்பு, பீடம், மேடை மூன்றுக்கும் ஏறிவிட்டது. தண்டச் சதமும் போயிற்று. முன்வாசல் பின்வாசலும் போயிற்று. நான் அதன் பிள்ளை. இரசாயனமும் தேவாரமும் ஷேக்ஸ்பியரின் கதையும் தமிழில் படித்தவள்.

ஆனால் தமிழுக்கு வகுப்பு கிடைத்த அதே வேளையில் உத்தியோகம் பறிபோயிருந்தது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல். தமிழ் மொழிமூலம் எழுதிய பிள்ளைக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி. பிழையில்லாத தமிழோடு நாங்கள் வாசலில் நின்றோம். ஆங்கிலம் கிழமைக்கு ஒரு சில பாடவேளை. அதைப் படிப்பிக்க ஆளில்லாத பள்ளிகளும் இருந்தன. அம்மாவின் காலத்தில் தமிழ்ப் பண்டிதர் இருந்த ஓரத்துக் கதிரை என் காலத்தில் இங்கிலீஷ் ரீச்சருக்குப் போயிற்று என்றால் மிகையில்லை. ஒரு வளவுக்குள் இரண்டு மொழியும் சரிசமமாக இருந்த காலம் எது என்று அம்மாவையும் கேட்டேன், என்னையும் கேட்டுக்கொண்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1983 கலவரம், 1995 இடப்பெயர்வு, பெட்டியும் பிள்ளைகளும். இலங்கை அரசு 2001, 2002இல் பள்ளிகளில் ஆங்கில மொழிமூலத்தை விருப்பத்துக்குரியதாக மறுபடி திறந்து, அதற்கு இருமொழிக் கல்வி என்று பெயரும் வைத்தது. 1961இன் சட்டம் புதிய தனியார் பள்ளிகளைத் தடுப்பதால், சர்வதேசப் பள்ளிகள் என்பவை கம்பனிகளாகப் பதிவாகிக் கட்டணம் வாங்குகின்றன. முன்வாசல் திரும்பிவிட்டது. இப்போது அதற்குக் கம்பனி எழுத்து இருக்கிறது.

இங்கிலாந்தின் கணக்கைத் திருப்பினால் எங்களுக்குப் பழக்கமான முகங்கள் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஃபோய் மணியடித்த அதே 1850இல்தான் பாப்பரசர் இங்கிலாந்தில் ஆயர் ஆட்சியை மீண்டும் நிறுவினார். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் ஏழைகளால் நகரங்கள் நிரம்பியிருந்தன. 1852இல் கூடிய ஆயர்கள், காசு ஒன்றுக்குத்தான் போதுமென்றால் கோயிலுக்கு முன் பள்ளியைக் கட்டுங்கள் என்ற கருத்துக்கு வந்தார்கள். பொஞ்சீன் இங்கே இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். 1902இல் உள்ளூர் வரிப்பணம் கத்தோலிக்கப் பள்ளிக்கும் போகலாம் என்று சட்டம் வந்தபோது, ரோமாபுரிக்கு எங்கள் வரியா என்று பலர் வரி கட்ட மறுத்துச் சிறைக்கும் போனார்கள். 1944இல் வந்த சட்டம் சமரசம் செய்தது: சம்பளம் அரசு கொடுக்கும், கட்டடச் செலவில் பாதியைத் திருச்சபை சுமக்கவேண்டும், ஆட்சிக்குழுவும் சமயபாடமும் திருச்சபையிடம் இருக்கும். அந்தப் பாதி குறைந்து குறைந்து இன்று பத்தில் ஒரு பங்கு. இலங்கையில் 1960இல் உடைந்த அதே உடன்பாடு இங்கே இன்னும் நிற்கிறது.

செவன் கிங்ஸ் அந்த இழுபறியின் நடுவில் வளர்ந்த ஊர். கமரன் கோர்பெட் என்ற கிளாஸ்கோ அரசியல்வாதி இங்கே வீடுகளைக் கட்டி, 1899இல் ரயில் நிலையமும் வரச்செய்தார். மதுவிலக்குக்காரர், தன் காணியில் தவறணைக்கு இடம் கொடுக்கவில்லை. வீடுகள் நிரம்பக் கத்தோலிக்கரும் வந்தார்கள். 1903இல் உர்சுலைன் சகோதரிகள் இல்ஃபோர்டில் பெண்கள் பள்ளி திறந்தார்கள். ஆல்ட்பரோ ரோட் சவுத்தில் இன்றைய பாமர் கத்தோலிக்கப் பள்ளி இருக்கிறது. முதலில் ஐரிஷ் பிள்ளைகள், பிறகு கோவா, கேரளம், நைஜீரியா, பிலிப்பைன்ஸ், போலந்து, எங்கள் பிள்ளைகள். இடம் கிடைக்க ஞானஸ்நானச் சீட்டும் பங்குக் குருவின் கையெழுத்தும் வேண்டும். பூசைக்கு ஒழுங்காக வராத தகப்பன்மார் திடீரென்று முன்வாங்கில் உட்கார்ந்தால், வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறதென்று அர்த்தம்.

இப்பிள்ளைகளுக்குத் தமிழ் எங்கே இருக்கிறது? தமிழ்ப் பூசையில். யூலையில் வோல்சிங்ஹாம் மாதாவிடம் போகிற யாத்திரையில், புளிச்சாதப் பெட்டியோடும் செபமாலையோடும். சனிக்கிழமைப் பள்ளியில். அதாவது அம்மாவின் காலத்தில் இருந்த அதே இடங்களில்: செபம், சாப்பாடு, விடுமுறை நாள். எங்கள் சனிக்கிழமைப் பள்ளி ஆசிரியைகள் பெரும்பாலும் சம்பளம் வாங்குவதில்லை. நான் வாங்கியதில்லை. தியாகம் என்று மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடையைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. திங்கட்கிழமை வருகிற பிரெஞ்சு ரீச்சருக்குச் சம்பளம் உண்டு, அவ புள்ளி போடுவா, அந்தப் புள்ளி வீட்டுக்கு வரும். ஒன்பது வயதுப் பிள்ளை கூட்டிக் கழித்து முடிவு செய்துவிடும்.

இருமொழிப் பள்ளி ஒன்றைக் கட்டுவோம், காணி பார்ப்போம் என்கிறார்கள் இளையவர்கள். ஆசை நல்லது. ஆனால் யாழ்ப்பாணத்தில் வளவு இருந்தது, கட்டடம் இருந்தது, கன்னியர் இருந்தார்கள், அரிவரி முதல் பயிற்சிக் கலாசாலை வரை எல்லாம் இருந்தன. இரண்டாவது மொழி நின்றதா விழுந்ததா என்பதைக் கட்டடம் தீர்மானிக்கவில்லை. நேரசூசியில் இடம், சம்பளம் வாங்கும் வாத்தியார், பெறுமதியுள்ள தேர்வு ஆகிய மூன்றும்தான் தீர்மானித்தன. 1870இன் பரிசோதகருக்கும் அம்மாவின் பண்டிதருக்கும் எனக்கும் நடந்தது அதுதான்.

இந்த மூன்றில் ஒன்று இங்கே ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. 2014 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டப்படி ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வேற்றுமொழி கட்டாயம். எந்த மொழி என்று சட்டம் சொல்லவில்லை. பழைய மொழியானாலும் புதிய மொழியானாலும் பள்ளி தெரிந்தெடுக்கலாம். லத்தீனுக்கு இடம் உண்டென்றால் தமிழுக்கும் உண்டு. இரண்டாவது கதவு மூடியிருக்கிறது: பஞ்சாபிக்கும் வங்காளத்துக்கும் உருதுவுக்கும் குஜராத்திக்கும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு இருக்கிறது, தமிழுக்கு இல்லை. மூன்றாவதான சம்பளம் முதல் இரண்டையும் பின்தொடர்ந்து வரும். பொஞ்சீன் காலத்திலும் அப்படித்தான் வந்தது.

ஆகவே கேள்வியோடு வருகிற பிள்ளைகளிடம் இப்போது நான் காணியைப் பற்றிப் பேசுவதில்லை. பள்ளி ஆட்சிக்குழுவில் பெற்றோர் பிரதிநிதிக்குத் தேர்தல் வரும்போது நில்லுங்கள் என்கிறேன். உங்கள் பிள்ளையின் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை என்று எண்ணி, கிழமைக்கு ஒரு பாடவேளை தமிழ் என்று எழுத்தில் கேளுங்கள். பாராளுமன்ற உறுப்பினர் பொங்கலுக்கு வேட்டி கட்டி வந்தால், படம் எடுத்தபிறகு, தமிழ்த் தேர்வு ஏன் இல்லை என்று கேளுங்கள். பொஞ்சீன் ஆண்டகை தேசாதிபதிகளுக்கு மனுவுக்கு மேல் மனு எழுதினார். அவருக்கு இலங்கை பிறமொழி நாடு. எங்களுக்கோ இங்கே வாக்கு இருக்கிறது, வரிச்சீட்டு இருக்கிறது. கேட்டால் முதல் தடவை இல்லை என்பார்கள். இரண்டாம் தடவை எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லும் பட்டியலைத் தமிழ்ப் பூசைக்குப் பிறகு தேநீர் மேசையில் வைத்தே எழுதத் தொடங்கலாம்.